சிங்க்குக்கு அடியில குப்பை அரைக்கற மெஷின் நம்மூருக்கு ஒத்து வருமாங்க? அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோயமுத்தூர்ல அபார்ட்மெண்ட் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு பிளாண்ட், பராமரிக்கற வேலைங்க நமக்கு. புதுசா ஊடு கட்டறவங்க, மாடுலர் கிச்சன் போடறவங்க, அசோசியேஷன்காரங்கன்னு யாரப் பாத்தாலும் இப்ப இந்த மெஷினப் பத்தித்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி மாளல, அதனால கேட்டதையெல்லாம் ஒரே எடத்துல எழுதிட்டேன். மெஷின் விக்கறவங்களுக்குக் கோவம் வரும், வந்தா வரட்டும்.

இந்த மெஷின் என்னதாங்க பண்ணுது? உள்ள பிளேடு இருக்குமா?

பிளேடெல்லாம் இல்லீங்க. சிங்க் ஓட்டைக்குக் கீழ ஒரு உருண்ட டப்பா தொங்கும், அதுக்குள்ள மோட்டார்ல சுத்தற தட்டு ஒண்ணு, தட்டு மேல அசையற மாதிரி ரெண்டு இரும்புத் துண்டு. குப்பை விழுந்ததும் தட்டு சுத்தற வேகத்துல ஓரத்துக்கு வீசி அடிக்குது, ஓரத்துல பல்லு பல்லா ஒரு வளையம் இருக்கும், அதுல மோதித் தேஞ்சு துருவலாகி தண்ணியோட பைப்புல எறங்கிரும். 1927ல அமெரிக்காவுல ரசீன்ங்கற ஊர்ல ஜான் ஹேம்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கண்டுபுடிச்சது, 1935ல பேட்டண்ட் வாங்கி 1938ல கம்பெனி ஆரம்பிச்சாரு. அரைக்கற மெஷினப் பத்தி நம்மூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்குன ஊரு இது, ஆனா கிரைண்டர்ல அரைச்சத நம்ம எடுத்து வெச்சுத் திங்கறோம், இதுல அரைச்சத கண்ணுக்குத் தெரியாம அக்கட்டால அனுப்பறோம், வித்தியாசம் அதுலதான் இருக்குது.

வெள்ளலூர் குப்பை மேட்டுக்குப் போறத விட இது எவ்வளவோ மேல் இல்லீங்களா?

இந்த வாதத்துல பாதி நெசம். ஈரக் குப்பைய மலையாக் குவிச்சா உள்ள காத்துப் போகாது, காத்தில்லாம அழுகுனா மீத்தேன் வரும், அந்த மீத்தேன் கார்பன் டை ஆக்சைட விட 100 வருசக் கணக்குல 27 மடங்குக்கு மேல சூடு புடிக்கும், 20 வருசக் கணக்குல பாத்தா 80 மடங்கு. 2024 ஏப்ரல்ல வெள்ளலூர்ல தீப் புடிச்சு நாள் கணக்குல பொகைஞ்சப்ப அந்தப் பக்கம் இருக்கறவங்க பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதனால சமையக்கட்டுக் குப்பை அங்க போகக் கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல.

ஆனா அங்க போகலைன்னா வேற எங்க போகுது? மெஷின் குப்பைய இல்லாமப் பண்ணல, லாரில போறதத் தண்ணில போக வெச்சுது, அவ்வளவுதான். நம்ம வாசலக் கூட்டி பக்கத்து ஊட்டு வாசல்ல தள்ளி விட்டுட்டு எங்க ஊடு சுத்தம்னு சொல்ற கதை. அதனால இந்த மெஷின் சுற்றுச்சூழலுக்கு நல்லதான்னு கேட்டா மெஷினப் பாக்காதீங்க, அந்தப் பைப்போட அடுத்த முனையில என்ன இருக்குதுன்னு பாருங்க. கீழ வர்ற பதிலெல்லாம் அத வெச்சுத்தான்.

எங்க ஊட்டுல செப்டிக் டேங்க்குங்க. போடலாமா?

வேண்டாங்க. செப்டிக் டேங்க் கட்டுனதே கக்கூஸ் கழிவ கீழ தங்க வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமாச் செரிக்கறதுக்கு. அதுல தெனமும் அரைச்ச காய்த்தோலும் சோறும் எறங்குனா அடியில சேறு சீக்கிரம் ஏறும், மேல கொழுப்பு ஆடை கனமாகும், ரெண்டு மூணு வருசத்துக்கு ஒரு தடவ லாரி கூப்பிடற எடத்துல வருசா வருசம் கூப்பிட வேண்டி வரும். லாரிக் காசு போனாப் போகுதுன்னு உட்டாலும், தங்காத துகளெல்லாம் தண்ணியோட உறிஞ்சு குழிக்குப் போயி மண்ணோட கண்ண அடைச்சுப் போடும், அப்பறம் அந்தக் குழி தண்ணிய இழுக்கவே இழுக்காது, வேற எடத்துல தோண்டோணும்.

இதுல யாரும் சொல்லாத சங்கதி ஒண்ணு இருக்குது. செப்டிக் டேங்க்லயும் காத்து இல்ல. அங்க அழுகுனாலும் வர்றது அதே மீத்தேன்தான், அதப் புடிச்சு எரிக்கறதுக்கு ஒரு ஏற்பாடும் கெடையாது, வெண்ட் பைப்பு வழியா நேரா வானத்துக்குப் போகுது. வெள்ளலூர்ல வர வேண்டியத உங்க ஊட்டு மொட்டை மாடில வர வெச்சிருக்கீங்க.

எங்க சமையக்கட்டுத் தண்ணி செப்டிக்குக்குப் போகலீங்க, பொடக்காளில தென்னைக்கும் வாழைக்கும்தான் போகுது. அப்ப செரிதானே?

பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் பக்கமெல்லாம் பாதி ஊட்டுல இப்பிடித்தான், நல்ல பழக்கமுங்க, அதக் கெடுத்துக்காதீங்க. பாத்திரங் கழுவுன தண்ணிய மண்ணு தாங்கும். அரைச்ச கூழு தெனமும் ஒரே எடத்துல விழுந்தா மேல பிசினாட்டம் ஒரு படலம் கட்டி தண்ணி எறங்காம நிக்கும், நாறும், கொசு வரும், பெருச்சாளி பின்னாடியே வரும். அதே தோலையும் காம்பையும் அரைக்காம தென்னை மரத்துப் பாத்தில ஒரு அடி குழி தோண்டிப் போட்டு மண்ணத் தள்ளி மூடுங்க, வேலை முடிஞ்சுது.

தெருச் சாக்கடைக்குப் போற ஊடுன்னா கேக்கவே வேண்டாம். அது நேரா பள்ளத்துக்கு, பள்ளத்துலேர்ந்து குளத்துக்கோ நொய்யலுக்கோ. அரைச்ச குப்பைல இருக்கற நைட்ரஜனும் பாஸ்பரசும் தண்ணிக்கு உரம், சிங்காநல்லூர் குளத்துல ஆகாயத்தாமரை எதத் தின்னு அப்பிடி வளருதுன்னு நெனைக்கறீங்க? திருப்பூர்ச் சாயத்துக்காக 2011ல ஐகோர்ட்டு பட்டறைகள இழுத்து மூடச் சொல்லுச்சு, சாயம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதனால ஊரே பேசுச்சு. வூட்டுச் சாக்கடைக்குக் கலரு இல்ல பாருங்க.

நாங்க அபார்ட்மெண்ட், சொந்தமா எஸ்டிபி இருக்குது. சுத்தம் பண்ணித்தானே உடறோம்?

இதான் நான் தெனமும் நிக்கற எடம், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்குங்க.

100 ஊடு, ஊட்டுக்கு 4 பேரு, மொத்தம் 400 ஆளுன்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு நாளைக்குத் தோராயமா கால் கிலோ ஈரக் குப்பை, ஆக 100 கிலோ. அதுல முக்காவாசி தண்ணி, மீதி 25 கிலோ திடப்பொருள். கழிவுநீரு எவ்வளவு கெட்டுக் கெடக்குதுன்னு அளக்கறதுக்கு பிஓடின்னு ஒரு கணக்கு, அதாவது அதத் திங்கற பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கறது. ஆளுக்கு நாளைக்கு 45லேர்ந்து 54 கிராம்னு போட்டுத்தான் பல காலமா டிசைன் பண்றாங்க, அப்பிடிப் பாத்தா 400 பேருக்கு 20 கிலோ வாக்குல. இப்ப அந்த 25 கிலோ திடப்பொருள அரைச்சு உட்டீங்கன்னா இன்னும் ஒரு 10 கிலோவுக்கு மேல ஏறிக்கும். ஆளு அதே 400 தான், ஆனா பிளாண்டு 600 பேருக்கு வேலை செய்யோணும்.

அந்த வேலைய யாரு செய்யறது? புளோயர், அதாவது தொட்டிக்குள்ள காத்தடிக்கற மெஷின். அபார்ட்மெண்ட் எஸ்டிபி எல்லாம் பெரும்பாலும் காத்தடிச்சு சுத்தம் பண்ற எம்பிபிஆர், எஸ்பிஆர் வகைதான், கரண்டு பில்லுல பெரும்பங்கு புளோயருக்குத்தான் போகுது. லோடு ஏறுனா புளோயர் எச்சா ஓடோணும், ஓட்டலைன்னா தண்ணி நாறும், அந்தத் தண்ணிதான் உங்க பிளஷ் டேங்க்குக்குத் திரும்பி வருது. அப்பறம் ஸ்லட்ஜ். பாக்டீரியா தின்னு தின்னு பெருகுன சேறு, அத பில்டர் பிரஸ்ல அழுத்திக் கட்டியாக்கி யாரோ ஒருத்தர் லாரில ஏத்தித்தான் ஆவோணும். குப்பையா அள்ள வேண்டியத இத்தன கரண்டு செலவழிச்சுச் சேறா மாத்தி அப்பறம் அள்றோம்.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல கீழ வந்து எண்ணெய் ட்ராப்போட, அதாவது சமையக்கட்டுத் தண்ணில வர்ற எண்ணெயத் தடுத்து நிறுத்தற தொட்டியோட, மூடியத் தொறந்து பாருங்க. வெள்ளையா ஆடை கட்டி நிக்கும், குச்சிய உட்டுக் குத்துனா வெரல் தடிமனுக்கு உடையும், அதுக்குள்ள சோத்துப் பருக்கையும் கறிவேப்பிலையும் பொதஞ்சு கெடக்கும். இது ஒரு மெஷின் கூட இல்லாத அபார்ட்மெண்ட்ல. இதுல நூறு ஊட்டுக்காரரும் அரைச்சு உட்டா ட்ராப்பச் சுத்தம் பண்ற ஆளு ரெண்டாவது வாரமே வேலைய உட்டுப் போயிருவாரு.

அப்ப வெளிநாட்டுல மட்டும் எப்பிடிங்க ஆகுது?

அங்க பைப்போட முனையில டைஜெஸ்டர் இருக்கற ஊர்கள்ல ஆகுது. டைஜெஸ்டர்னா காத்துப் போகாத மூடுன தொட்டி, சேற அதுல உட்டு அழுக வெச்சு வர்ற மீத்தேனப் புடிச்சு கரண்டோ காஸோ ஆக்கறது. சுவீடன்ல சுராஹம்மார்னு ஒரு சின்ன ஊரு, 1990கள் கடைசில ஊராட்சியே முன்ன நின்னு இந்த மெஷின மாட்ட வெச்சாங்க, ஏறக்குறைய பாதி ஊட்டுல வந்துருச்சு, பிளாண்டுல காஸ் உற்பத்தி எச்சாச்சு, பைப்பும் அடைக்கல. நியூயார்க்குல கதை வேற. மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே பைப்புல போற பகுதில ரொம்ப காலம் தடை போட்டு வெச்சிருந்தாங்க, மழ பேஞ்சா அது நிரம்பி ஆத்துல கலக்கும்னு பயம், சோதன பண்ணிப் பாத்துட்டு 1997ல தான் எடுத்தாங்க.

நம்ம பக்கமும் டைஜெஸ்டர் இல்லாம இல்ல, சென்னைல கொடுங்கையூர், நெசப்பாக்கம் பிளாண்டுகள்ல சேத்துலேர்ந்து காஸ் எடுத்து கரண்டு பண்றாங்க. உங்க தெருவுல பாதாளச் சாக்கடை இருந்து, அது நெசமாலுமே பிளாண்டுக்குப் போயி, அங்க டைஜெஸ்டரும் ஓடிச்சுன்னா இந்த மெஷின் தப்பே இல்ல, நல்லதுன்னே சொல்வேன். மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் கணக்கு உதைக்கும். கனெக்‌ஷன் குடுத்திருக்குதான்னு மட்டும் கேட்டுட்டு உட்டுராதீங்க, தண்ணி எந்த பிளாண்டுக்குப் போகுது, அங்க சேற என்ன பண்றாங்கன்னு மாநகராட்சி இன்ஜினியர்கிட்ட கேளுங்க, சொல்லுவாங்க.

கரண்டு பில்லு எகிறுமா?

இல்லீங்க, இதுல பயமே வேண்டாம். அரை ஹெச்பி மோட்டார், நாளைக்கு ரெண்டு நிமிசம் ஓடும், வருசத்துக்கு 5 யூனிட்டு கூட வராது.

தண்ணி?

இது ரோசனை பண்ண வேண்டிய விசயம். அரைக்கறப்ப கொழாய் தொறந்தே இருக்கோணும், அரைச்சு முடிச்சும் கொஞ்ச நேரம் உடோணும், இல்லைன்னா கூழு பைப்புலயே ஒக்காந்துக்கும். நாளைக்கு ஒரு கொடம், 15 லிட்டருன்னு வெச்சாலும் வருசத்துக்கு 5,000 லிட்டருக்கு மேல. சிறுவாணித் தண்ணி, பில்லூர்த் தண்ணி என்னைக்கு வரும்னு டேங்க்க எட்டி எட்டிப் பாக்கற ஊர்ல, வெங்காயத் தோல் ஊர்வலம் போறதுக்கு 5,000 லிட்டரா? தண்ணிய மிச்சம் பண்றேன்னு கொழாயச் சின்னதாத் தொறந்து ஓட்டறவங்கதான் ஆறு மாசத்துல பிளம்பரக் கூப்பிடறாங்க.

நம்ம சமையலுக்கு இது தாங்குமா?

மெஷின் வந்த ஊர்ல திங்கறது ரொட்டியும் உருளைக்கெழங்குமா இருக்கும். நம்ம கதை நார். தேங்காய் நார், வாழைத்தண்டு நார், வாழைப்பூ மடல், முருங்கைக்காய் சக்கை, சோளக்கருதுத் தோல், புளிக் கோது, கறிவேப்பிலைக் குச்சி, இதெல்லாம் அரையாது, தட்டச் சுத்திச் சுத்திக் கயிறாத் திரிஞ்சுக்கும், மோட்டார் முக்கி நின்னுரும். சோறு வேற மாதிரி, அது அரையும், ஆனா பைப்புல போய் ஊறி உப்பிக்கும். முட்டை ஓடு, டீத்தூள் வளைவுல மணலாத் தங்கும். நல்லி எலும்பு போடவே கூடாது, சேல்ஸ்மேன் போட்டுக் காட்டுனாலும் நம்பாதீங்க, அவரு புது மெஷின்ல போடறாரு. இதெல்லாம் கழிச்சுப் பாத்தா நம்மூட்டுல மெஷினுக்குப் போறதுக்கு மிச்சம் இருக்கறது கொஞ்சம் காய்த்தோலும், ஒரம்பரை வந்தா மிச்சமாகற கொழம்பும்தான்.

எண்ணெய் மட்டும் எந்த ஊடா இருந்தாலும் எந்த சிங்க்கா இருந்தாலும் ஊத்தாதீங்க. நோம்பிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயச் சுடுதண்ணியோட ஊத்துனா கரைஞ்சு போயிரும்னு நெனைப்பு, போறது பத்தடி, பதினோராவது அடில ஒறைஞ்சு நிக்கும்.

செரிங்க, எல்லாத்தையும் வேண்டாங்கறீங்க. ஈரக் குப்பைய என்னதான் பண்றது?

பொள்ளாச்சிக்குப் பக்கத்துல இருந்துட்டு இதக் கேக்கலாமுங்களா? கம்போஸ்ட் போடறதுக்கு வேணுங்கறதுல பாதி, ஒலகத்துக்கே நம்ம பக்கத்துலேர்ந்துதான் கன்டெய்னர் கன்டெய்னரா ஏத்துமதி ஆகுது. தேங்காய் நார்த்தூள், கடைல கோகோபீட்னு கட்டியா விக்கறது. சமையக்கட்டுக் குப்பைல தண்ணியும் நைட்ரஜனும் எச்சு, நார்த்தூள்ல கார்பன் எச்சு, அதோட கார்பன் நைட்ரஜன் விகிதம் 100க்கும் மேல. ரெண்டையும் கலந்து 30க்குப் பக்கத்துல கொண்டாந்தா பாக்டீரியா நாத்தமில்லாம வேலை செய்யும்.

செய்யறது இவ்வளவுதான். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம்மு, பக்கவாட்டுலயும் அடியிலயும் ஓட்டை, அடியில ரெண்டு இஞ்சுக்கு நார்த்தூளு. தெனமும் பொழுதோட குப்பையப் போட்டு அதுக்குச் சமமா நார்த்தூளத் தூவி மூடோணும். ஆரம்பத்துல கொஞ்சம் பழைய எருவோ புளிச்ச மோரோ தெளிச்சா சீக்கிரம் புடிச்சுக்கும். வாரம் ஒரு தடவ கிளறி உடோணும். ஈரம் செரியான்னு பாக்க ஒரு கைப்புடி எடுத்து இறுக்கிப் புழியுங்க, ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வெரல் சந்துல எட்டிப் பாத்தாப் போதும், ஒழுகுச்சுன்னா நார்த்தூள் பத்தல, உதிர்ந்து போச்சுன்னா தண்ணி பத்தல. டிரம்மு நெறைஞ்சதும் ஒதுக்கி வெச்சா ரெண்டு மாசத்துல கருப்பா, மழ பேஞ்ச மண்ணு வாசத்தோட வந்துரும். கயிறு மில்லுப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா நார்த்தூளு கேட்டு வாங்குங்க, ஆனா பச்சைத் தூள்ல உப்பு இருக்கும், ஒரு தடவ அலசிட்டுப் போடுங்க.

புழு வருமே? எங்க மாமியா ஒத்துக்க மாட்டாங்க.

வெள்ளையாத் தடியா நெளியறது பெரும்பாலும் சோல்ஜர் ஈயோட புழு, கடிக்காது, நோயும் பரப்பாது, குப்பையத் தின்னு வேகமாத்தான் முடிக்கும். புடிக்கலைன்னா நார்த்தூள எச்சாப் போட்டு ஈரத்தக் கொறைங்க, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூவுங்க, போயிரும். கறி, மீனு கழிவு டிரம்முல வேண்டாம், நாய் பூனை உடாது. மாமியாகிட்ட ரெண்டு மாசங் கழிச்சு அந்த எருவப் போட்ட ரோசாச் செடியக் காட்டுங்க.

மாட்டுக்கு வெச்சா ஆகாதுங்களா? எங்கம்மிச்சி ஊட்டுல அப்பிடித்தான்.

தாராளமா. அரிசி கழுவுன தண்ணி, கஞ்சி, காய்த்தோலெல்லாம் கட்டுத்தரைல இருக்கற கழனித்தண்ணித் தொட்டிக்குப் போன காலத்துல ஊட்டுல குப்பைன்னு ஒண்ணே இல்ல. ஒண்ணே ஒண்ணு, மிச்சச் சோறக் குண்டாவோட கொட்டிராதீங்க, சோறு எச்சானா மாட்டு வயித்துல அமிலம் ஏறி உசுருக்கே ஆபத்தாகும், பொங்க முடிஞ்ச மறுநாள் டாக்டரக் கூப்பிடறது பாதி இதுக்குத்தான். பிளாஸ்டிக் கவரு, ஊசிப்போனது, கறி எதுவும் கூடாது.

சாண எரிவாயுக் கலன்ல போடலாமா?

தோட்டத்து ஊடுன்னா இதான் நெம்பர் ஒன். சாணிய விட சமையக்கட்டுக் கழிவுல காஸ் ரெண்டு மூணு மடங்கு வரும், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 100 லிட்டர். மூணு மாடு இருக்கற ஊட்டுல ஏற்கனவே கலன் இருந்தா இதையும் கூழாக்கி ஊத்துங்க, அரைக்கறதுக்கு உண்மையான பிரயோசனம் இங்கதான், பழைய மிக்சில அடிச்சு ஊத்தறவங்களப் பாத்திருக்கேன். புளிப்பு ஐட்டம், எலுமிச்சை ஆரஞ்சுத் தோல கொறைச்சுக்கோங்க. டவுன்ல நாலு பேரு இருக்கற ஊட்டுக்குத் தனியாக் கலன் வாங்கறது முட்டுவழிக்குக் கட்டாது.

டேபிள் மேல வெக்கற எலெக்ட்ரிக் கம்போஸ்டர்?

அதுல வர்றது கம்போஸ்ட் இல்லீங்க, காய வெச்சுப் பொடிச்ச குப்பை. ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டு வாக்குல இழுக்கும். மண்ணுல கலந்து ஈரம் பட்டா அப்பறம்தான் மக்கவே ஆரம்பிக்கும். வருசத்துல பத்து மாசம் வெயிலடிக்கற ஊர்ல காய வெக்கறதுக்கு மெஷின் எதுக்கு?

சட்டம் என்ன சொல்லுது?

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வூட்டு அபாயக் குப்பைன்னு பிரிச்சுத்தான் குடுக்கோணும்னு வந்துருச்சு. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை வர்ற எடம் மொத்தக் கழிவு உற்பத்தியாளர்ங்கற கணக்கு, மேல சொன்ன 100 ஊட்டு அபார்ட்மெண்ட்ல ஈரக் குப்பையே 100 கிலோ வந்துருது, காஞ்ச குப்பையும் சேத்தா தாண்டிரும். மக்கறத முடிஞ்ச வரைக்கும் வளாகத்துக்குள்ளயே கம்போஸ்டாவோ பயோகேஸாவோ பண்ணச் சொல்றாங்க. சாக்கடைல அரைச்சு உடறது அந்தக் கணக்குல வராது.

யாருக்குத்தாங்க இந்த மெஷின் செரி?

மூட்டு வலியோட கீழ எறங்கிக் குப்பை குடுக்க முடியாத வயசானவங்க, பால்கனியே இல்லாத ஊடு, குப்பை வண்டி ஒழுங்கா வராத தெரு, இவங்க பாதாளச் சாக்கடை கனெக்‌ஷன் இருந்தா மாட்டிக்கட்டும், அவங்களப் புடிச்சு நொய்யலக் கெடுத்தீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆயிரம் ஊடு இருக்கற வளாகத்துல பில்டர் எல்லா ஊட்டுக்கும் ஓசியாத் தர்றேன்னு பிரோசர்ல போடறதுதான் ஆபத்து. அப்பிடித் தந்தா எஸ்டிபிய எத்தன பேரு லோடுக்கு டிசைன் பண்ணீங்கன்னு ஒரே ஒரு கேள்வி எழுத்துல கேளுங்க.

ஏற்கனவே மாட்டியாச்சுங்க. கழட்டிப் போடோணுமா?

கழட்ட வேண்டியதில்ல. சாப்பாட்டுத் தட்டக் கழுவறப்ப ஒட்டியிருக்கறதுக்கு மட்டும் வெச்சுக்குங்க, தோலு காம்பெல்லாம் டிரம்முக்குப் போகட்டும். எப்பவும் பச்சத் தண்ணிய உட்டு ஓட்டுங்க, சுடுதண்ணி வேண்டாம், கொழுப்பு எளகிப் போயி தூரத்துல ஒறையும். நின்னு போச்சுன்னா மொதல்ல சுவிட்ச்ச அணைச்சுட்டு மெஷினுக்கு அடியில இருக்கற ஓட்டைல ஆலன் கீய, அதாவது ஆறு பட்டை இருக்கற வளைஞ்ச கம்பிச் சாவிய, உட்டு ரெண்டு பக்கமும் திருப்புங்க, பக்கத்துலயே செவப்பு ரீசெட் பட்டன் இருக்கும், அத அமுக்குங்க, மேலேர்ந்து கைய மட்டும் உட்டுராதீங்க. கழட்டியே ஆவோணும்னா சாதாரண சிங்க் கப்ளிங் அதே ஓட்டைல உக்காந்துக்கும், பிளம்பருக்கு அரை மணி நேர வேலை.